கைவிடலும் கையளித்தலும்

தெருவோரத்திலோ வடிகான் அருகிலோ கண்டெடுக்கப்பட்ட நாய்க்குட்டியொன்றை, நிலையான வளர்ப்பிடம் கிடைக்கும் வரை சில வாரங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்துப் பின்னர் பிறர் கையில் ஒப்படைக்கும் வழக்கம் கொழும்பிலே இன்று காணப்படுகின்றது. வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் இதில் ஈடுபட்டுள்ளன. தெருநாய்களுக்கு வீடு தேடித்தரும் முயற்சியைப் பலரும் அறியச் செய்ததில், 2007 ஆம் ஆண்டு ஒட்டாரா குணவர்தன தொடங்கிய ‘எம்பார்க்’ அமைப்புக்குப் பங்குண்டு. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இஃது ஓய்வுநேர இரக்கச் செயலாகவே தோன்றும். ஆயின் இதனுள்ளே பொதிந்து கிடக்கும் அறவியல் வினா எளிதானதன்று. விட்டுக்கொடுப்பது என முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு ஓர் உயிரைத் தன்பால் அன்புகொள்ளச் செய்வது தகுமா என்பதே அவ்வினா.

இவ்வினா தனிமனிதரிடம் வந்து சேர்ந்த வரலாறும் கருதத்தக்கது. இலங்கையில் 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டமும் 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் நாயை முதன்மையாகப் பொதுச் சுகாதாரச் சிக்கலாகவே கண்டன. உரிமையாளர் இன்றித் திரியும் நாய் பிடிக்கப்பட்டது, கொல்லப்பட்டது. அந்நோக்கினை வெறுங் கொடுமையென ஒதுக்கிவிடவும் இயலாது. 1970களின் முற்பகுதியில் ஆண்டொன்றில் 300க்கு மேற்பட்டோரை அந்நோய் இந்நாட்டிற் பலிகொண்டதுண்டு. 2006 ஆம் ஆண்டில் தெருநாய்களைக் கொல்லாமைக் கொள்கை அறிவிக்கப்பட்டதன்பின், தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்றாயிற்று. கொல்லுதல் நின்றமை நன்றே. ஆனால் பெட்டைக்குட்டி வேண்டாமென்று அட்டைப்பெட்டியிலிட்டுச் சந்தையருகிலும் கோயில் வாசலிலும் விட்டுச்செல்லும் பழக்கம் அதனோடு சேர்ந்து நின்றுவிடவில்லை. முன்னர் மாநகர சபையின் வண்டி விடையளித்த வினாவுக்கு இப்போது வழியே போகின்றவர் விடையளிக்க வேண்டியுள்ளது.

விடையளிக்க முன்வருபவர் எதிர்கொள்ளும் முதல்நாள் அறநூல்களில் எழுதப்படாத ஒன்று. மூன்றாம் மாடி வீட்டுக்குள் ஒரு குட்டி வருகின்றது. நாய்களுக்கு இடமில்லை என்ற தொடர்மாடி ஒழுங்குவிதி கீழே பலகையில் தொங்குகின்றது. சாமியறைப் பக்கம் அது போய்விடக்கூடாதென்று வீட்டிலுள்ள பாட்டிக்குக் கவலை. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்குமுன் கழுவிச் சுத்தஞ்செய்ய வேண்டிய அயல்வீட்டாரின் நியாயமும் ஒருபுறம் உண்டு. (தாகத்தால் வருந்திய நாய்க்குத் தண்ணீர் அளித்தவரின் பிழைகள் பொறுக்கப்பட்டதாகக் கூறும் நபிமொழியை அந்த அயல்வீட்டாரே எடுத்துச் சொல்வதும் உண்டு. தூய்மை பற்றிய விதியும் இரக்கம் பற்றிய விதியும் ஒரே மரபினுள் முரணின்றி வாழ்கின்றன என்பதை நம்மவர் போதிய அளவு கவனித்ததில்லை.) பசுப்பால் கொடுத்தால் வயிற்றோட்டம் உண்டாகும் என்பதும், தடுப்பூசி முடியும்வரை வேறு நாய்கள் உலாவும் தரையில் விடுதல் ஆகாது என்பதும் அன்றுதான் அறியவருகின்றன. இரவு வந்ததும் குட்டி அழுகின்றது. அதுவரை தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளின் வெம்மையோடும் உறங்கிய உயிர் அது. தனிமை என்பதை முதன்முதலாக அறிகின்றது. காலி வீதியின் வாகன ஒலி ஓய்ந்த வேளையில் அவ்வழுகை அயல்வீட்டுச் சுவர்களைத் தாண்டிச் செல்கின்றது. பழஞ்சேலைத் துண்டொன்றில் அதனைச் சுற்றி எவரேனும் அருகிற் படுத்துக்கொண்டால் அழுகை அடங்குகின்றது.

அந்தக் கணத்திலேயே ஒரு வாக்குறுதி பிறந்துவிடுகின்றது எனலாம். சொல்லால் அளிக்கப்படாத வாக்குறுதி அது. ஆயினும் பெற்றுக்கொண்ட உயிர் அதனை முழுமையாக நம்பிவிட்டது. ‘ஆறு வாரம் மட்டும்’ என்ற நிபந்தனையைக் குட்டிக்கு உணர்த்த மொழி எதுவுமில்லை. மனிதருக்கிடையிலான உடன்படிக்கையில் இருதரப்பும் காலவரையறையை அறிந்திருக்கும். இங்கோ ஒருதரப்பு மாத்திரமே அறிந்திருக்கின்றது.

ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் தம் அறவியல் விரிவுரைகளில், விலங்குகளுக்கு மனிதன் நேரடிக் கடமை எதுவும் உடையவனல்லன் என்றார். உழைத்து முதிர்ந்த நாயைச் சுட்டுக் கொல்பவன் அந்நாய்க்குரிய கடமையில் தவறவில்லை, தன்னுள்ளிருக்கும் மனிதப் பண்பையே சிதைக்கின்றான் என்பது அவர் கருத்து. இதனை ஏற்பின், குட்டியை ஒப்படைக்கும் செயலைப் பராமரிப்பவரின் மனநிலை ஒன்றைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். அவர் கண்ணீரோடு கொடுத்தால் அறம், அலட்சியமாகக் கொடுத்தால் அறமன்று என்றாகிவிடும். கண்ணீரோடு கெட்ட வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட குட்டியின் நிலை யாது? காண்டின் கோட்பாட்டில் அதற்கு இடமில்லை. 1789 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் பெந்தம், விலங்குகளால் துன்புற இயலுமா என்பதே கேட்கத்தக்க வினா என்று எழுதியமை இவ்விடத்தில் கூடுதல் துணைசெய்கின்றது.

மகாபாரதத்தின் இறுதியில் வரும் நாய் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. தேரிலேறி விண்ணுலகு செல்லலாம், நாயை விட்டுவிடு என இந்திரன் கூற, அண்டி வந்ததைக் கைவிடேன் எனத் தருமன் மறுக்கின்றான். தற்காலிகப் பராமரிப்பை எதிர்ப்போர்க்கு இக்கதை பெரும் ஆதாரமாகத் தோன்றலாம். ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. தருமனின் நாய் தானாகப் பின்தொடர்ந்தது. வெள்ளவத்தைக் குட்டியோ தூக்கிவரப்பட்டது. வந்ததைவிடக் கொண்டுவரப்பட்டதற்கே கடன் அதிகம். இருப்பினும் தருமன் மறுத்தது கைவிடுதலையே. நல்லதோர் இல்லத்தில் ஒப்படைத்தலை அல்ல. கைவிடல் என்பதும் கையளித்தல் என்பதும் தமிழிலே ‘கை’ என்ற ஒரே சொல்லிற் பிறந்து எதிரெதிர்த் திசையிற் செல்வன. முன்னதில் கை விலகுகின்றது, பின்னதில் இன்னொரு கை வந்து சேரும்வரை முதற்கை விலகுவதில்லை.

குட்டிக்கு இவ்வேறுபாடு தெரியுமா என்று கேட்கலாம். முதல்நாளிரவில் தெரியாது; புதிய வீட்டிலும் அது அழவே செய்யும். வேறுபாட்டின் சுமை முழுவதும் ஒப்படைப்பவர் மீதே விழுவதற்குக் காரணமும் இதுவே. புதிய வீட்டை நேரிற் சென்று பார்த்தல், சங்கிலியில் நாள் முழுதும் கட்டிவைப்பவரா என விசாரித்தல், இயலாதபோது திருப்பித் தரலாம் என உறுதியளித்தல் ஆகியன வெறும் நடைமுறைகள் அல்ல; கையளித்தலைக் கைவிடலிலிருந்து பிரித்துக்காட்டுவன இவையே.

பிரிவு நோகாதிருக்க அன்பைச் சற்று அடக்கிவைத்தால் என்ன என்று சிலர் கருதுவர். அறிவியல் இதனை ஆதரிக்கவில்லை. ஸ்கொட், ஃபுல்லர் எனும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1965 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே நாய்க்குட்டி பிற உயிர்களோடு உறவு கொள்ளக் கற்கும் பருவம் எனக் காட்டினர். அப்பருவத்தில் மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சின. ஆகவே அளந்து கொடுக்கப்படும் அன்பு பராமரிப்பவரின் மனத்தைக் காக்கலாம், குட்டியின் எதிர்காலத்தையோ கெடுக்கும். முழுமையாக அன்பு செலுத்திப் பின் முழுமையாக இழப்பதே இப்பணியின் இயல்பாக அமைகின்றது.

தமிழுக்கு இந்நிலை புதிதன்று. பெறாமலே வளர்த்துப் பின் இழக்கும் செவிலித்தாயைச் சங்கப் புலவர்கள் நன்கறிவர். உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிப் பாலைவழியில் நடக்கும் செவிலிக்கு, எதிரே வரும் அந்தணர் ஆறுதல் கூறும் காட்சி கலித்தொகையில் உண்டு. சந்தனம் பிறந்த மலைக்கும் முத்துப் பிறந்த கடலுக்கும் பயன்படுவதில்லை, அணிபவர்க்கே பயன்படுகின்றது என்பது அவர்கள் காட்டும் உவமை. அழகிய உவமைதான், ஆனால் சந்தனத்துக்கும் முத்துக்கும் நெஞ்சு கிடையாது. அன்றியும் தலைவி தன் விருப்பால் சென்றவள். குட்டியின் விருப்பை எவரும் கேட்பதில்லை.

மனிதத் துயரையும் நாயின் துயரையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. எனினும் தற்காலிகக் கூரை என்பதன் பொருளைக் கொழும்புத் தமிழருக்கு விளக்கவேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்திலிருந்து பெயர்ந்த மக்கள் பலர் வீட்டோடு வளர்ப்பு நாய்களையும் விட்டுச்செல்ல நேர்ந்தது. அதனைக் கைவிடல் எனக் கூற எவர்க்கும் உரிமையில்லை. அவிழ்த்துவிடுவதற்கு மேல் எதுவும் செய்ய இயலாதிருந்தது. 2007 யூன் 7 ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இவற்றை நினைவிற் கொண்ட வீடுகள் சிலவற்றில், தெருவிற் கிடந்த குட்டிக்குச் சில வாரம் இடமளிப்பது வெறும் பொழுதுபோக்காக இருப்பதில்லை.

இன்னுமொரு சிக்கல் தீராதிருக்கின்றது. ஒப்படைத்த பின் குட்டியைச் சென்று பார்க்கலாமா? பார்க்கச் சென்றவரை இனங்கண்டு அது துள்ளுகின்றது. திரும்பும்போது வாயில்வரை ஓடிவந்து அழுகின்றது. புதிய வீட்டார் சங்கடப்படுகின்றனர். இதனாற் சிலர் முதற் சில மாதங்கள் போகாமலே இருந்து, அவர்கள் அனுப்பும் புகைப்படத்தோடு நின்றுவிடுகின்றனர். வேறு சிலரோ கொட்டாஞ்சேனையில் அவ்வீட்டுக்கு எதிர்ப்புறமாக நின்று, குட்டி தம்மைக் காணாதவாறு, அது உண்டு திரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர்.