மலைப்பாதையும் உழவாரப்பணியும்

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் தொடங்கி ஏழு மலை கடந்து வெள்ளியங்கிரி ஈசனிடம் போகும் பாதை, யானைகள் நடமாடும் காட்டின் ஊடே செல்கிறது. நொய்யல் ஆறு பிறப்பதும் இந்த மலைத்தொடரில்தான். மலையேற வருவோரின் பைகளை வனத்துறையினர் அடிவாரத்திலேயே சோதித்து, பிளாஸ்டிக் உறைகளை அகற்றிய பிறகே அனுப்புகிறார்கள். அப்படியும் பாறை இடுக்குகளில் தண்ணீர் பாட்டில்களும் பிஸ்கட் உறைகளும் செருகிக் கிடக்கின்றன. இதை வெறும் சுகாதாரக் குறைவாக நான் பார்க்கவில்லை. மலையையே சிவமாக வணங்குகிறவர் அந்த மலையில் குப்பை போட்டால், அவருடைய வழிபாடே பழுதாகிறது.

பக்தி மனத்தில் இருந்தால் போதாதா, வெளித் தூய்மை எதற்கு என்று சிலர் கேட்கலாம். சைவ மரபு அப்படிச் சொல்லவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதலில் நிற்கும் சரியை, உடம்பால் செய்யும் தொண்டு. கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவதும் அதில் அடங்கும். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் பதிகம் பாடியதோடு நிற்கவில்லை, உழவாரப்படை ஏந்தித் திருமுற்றங்களில் புல் செதுக்கினார். ஆனால் அவர் செய்ததை மலையில் அப்படியே செய்யக் கூடாது. கோயில் முற்றத்தில் புல் இடையூறு. மலைச்சரிவில் அதுவே மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. குறுக்குவழி தேடிப் பலரும் சரிவில் இறங்கினால் புல் அழியும், அடுத்த மழையில் அந்தத் தடமே ஓடையாகி மண்ணை அரிக்கும். ஆகவே மலையில் உழவாரப்பணி என்பது மனிதர் கொண்டுவந்ததை அகற்றுவதும், போட்ட பாதையை விட்டு விலகாமல் நடப்பதும்தான்.

சுத்தம் செய்ய அரசு இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். பைகளைச் சோதிப்பதும் விதி மீறுவோரைத் தடுப்பதும் அரசின் கடமை. அதில் குறை இருந்தால் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் வண்டி ஏறாத செங்குத்துப் பாதையில் விழுந்த ஒவ்வொரு பாட்டிலையும் யாரோ ஒருவர் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும். நிரம்பிய பாட்டிலை மேலே தூக்கிச் சென்றவருக்குக் காலி பாட்டிலைக் கீழே கொண்டுவருவது பாரமே அல்ல. தன் புண்ணியத்துக்காக ஏறியவர் தன் குப்பையைப் பிறர் தலையில் கட்டுவது அறமாகாது. மலையேறும் அன்பர்களே, கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வழியில் கிடப்பதில் ஒன்றையாவது சேர்த்து எடுத்து வாருங்கள். ஈசனுக்கு அதுவும் அர்ச்சனைதான்.