டேங்கிலிருந்து ஜெட் வரை

மாதக்கணக்கில் ஓரமாக நின்ற பழைய புல்லட் 350 கிளம்ப மறுத்தால், பலரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். கழற்றிக் காற்றடித்து மாட்டிய பிறகும் சில வண்டிகள் இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும். கார்புரேட்டர் மேல் சந்தேகம் விழுவதில் நியாயம் உண்டு. ஆனாலும் அதைக் கடைசியாகத் திறப்பதே நல்லது. அதற்கு முன்னால் வருகிற சோதனைகளுக்கு ஒரு பாட்டிலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில், கோளாறு பெட்ரோலில்தானா? பத்துப் பன்னிரண்டு முறை உதைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. நெருப்புப் பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும், அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. உலர்ந்திருந்தால் வழியில் எங்கோ தடை.

இந்த வண்டியில் பெட்ரோலைத் தள்ளப் பம்பு கிடையாது. 2020-இல் பிஎஸ்6 விதிகளோடு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வரும்வரை புல்லட் 350 இப்படித்தான் இருந்தது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவே ஏறக்குறைய ஓரடி உயரம். அந்த ஓரடிப் பெட்ரோல் கொடுக்கும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தில் சுமார் 2 சதவீதம் மட்டுமே. இவ்வளவு சொற்பமான அழுத்தத்தை எது வேண்டுமானாலும் தோற்கடிக்கும். அதில் முதல் ஆள் டேங்க் மூடி.

பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். மூடியிலுள்ள சிறு துளைதான் அதற்கு வழி. தூசியாலோ துருவாலோ அது அடைபட்டால் டேங்குக்குள் மெல்ல வெற்றிடம் உருவாகும். இரண்டு சதவீதம் குறைந்தாலே ஓட்டம் நின்றுவிடும். வண்டி நன்றாகக் கிளம்பும், சிறிது தூரம் போய் மூச்சு வாங்கி நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். நின்ற இடத்திலேயே மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் விசாரணை முடிந்தது.

அடுத்தது பாட்டில். திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு இல்லாத இடத்தில், கார்புரேட்டரிலிருந்து ட்யூபைக் கழற்றிக் கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். பெட்ரோல் ஒரே சீராக விழ வேண்டும். சொட்டினாலோ, ஓடி ஓடிக் குறைந்தாலோ, டேப்புக்கு மேலே உள்ள வலையில் அழுக்கு. இடையில் யாராவது பிளாஸ்டிக் ஃபில்டர் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ட்யூப் வளைந்து மேலேறி இறங்கினால் காற்றுக்குமிழி அங்கேயே குடியிருக்கும்.

ஆன், ரிசர்வ் இரண்டு நிலையிலும் தனித்தனியாகப் பிடிப்பது அவசியம். டேங்குக்குள் ஆன் நிலைக்கான குழாய் உயரமாக நிற்கும். ரிசர்வ் அடிமட்டத்திலிருந்து எடுக்கும். துருவும் தண்ணீரும் தங்குவது அந்த அடிமட்டத்தில்தான். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். 10 சதவீதக் கலவை ஏறக்குறைய அரை சதவீதம் வரை தண்ணீரைத் தாங்கும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். பாட்டிலைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்தால் அந்த அடுக்கின் கோடு கண்ணுக்கே தெரியும். அப்படித் தெரிந்தால் டேங்கை முழுவதும் காலி செய்யத்தான் வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிப்பது வீண்.

இதுவரை எல்லாம் சரியென்றால் கார்புரேட்டர். அதையும் உடனே கழற்ற வேண்டாம். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். டேப் திறந்திருந்தும் பெட்ரோல் வரவில்லையென்றால் ஃப்ளோட் ஊசி மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் சில சமயம் விடுபடும். ஓவர்ஃப்ளோ குழாயில் ஒழுகிக்கொண்டே இருந்தால் ஊசி திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது.

பெட்ரோல் வந்தும் வண்டி மக்கர் செய்தால், ஆக்சிலரேட்டரின் எந்தத் திருப்பத்தில் மக்கர் என்று கவனியுங்கள். காஸ்ட் அயர்ன் புல்லட்டின் மிக்கார்ப் விஎம்24-இல் ஐட்லிங்கும் முதல் கால் திருப்பமும் பெரும்பாலும் பைலட் ஜெட்டின் பொறுப்பு, நடுவில் ஜெட் ஊசி, முழுத் திருப்பத்தில் மெயின் ஜெட். சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் நிற்கும் வண்டியில் அநேகமாக அடைத்திருப்பது பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. கிண்ணத்தில் மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசினே அதை அடைக்கத் தாராளம். கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். எஃகுக் கம்பி மட்டும் வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. ஜெட் சுத்தமாக இருந்தும் ஐட்லிங் ஏறி இறங்கினால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையே காற்று கசிகிறதா என்று பாருங்கள்.

சுத்தம் செய்த ஜெட் ஒரு வாரத்தில் மறுபடி அடைத்தால் பழுப்புத் தூள் டேங்கிலிருந்து வருகிறது. பாதி நிரம்பிய டேங்கில் பெட்ரோல் தொடாத மேற்பகுதியில்தான் ஈரம் படிந்து துரு பிடிக்கும். டேங்கை இறக்கி, வினிகர் ஊற்றி ஊறவைத்துக் கழுவலாம். ஆனால் கழுவிய அன்றே நன்கு உலர்த்திப் பெட்ரோலை முழுவதுமாக நிரப்பிவிடுங்கள். ஈரமாக விட்ட இரும்பு மறுநாள் காலையிலேயே செம்மை பூசத் தொடங்கிவிடும்.