பரிவேடம் உள்பொருளோ இல்பொருளோ

2021ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், பெங்களூர் நகரத்தார் ஞாயிற்றைச் சூழ்ந்து ஒரு பெருவட்டம் நிற்கக் கண்டு வியந்தனர். நூலோர் பரிவேடம், ஊர்கோள் என்றும் ஊரார் கோட்டை என்றும் வழங்குவது இதுவே. மிக உயர்ந்த கீற்று மேகங்களிலுள்ள அறுகோணப் பனித்துகள்களுட் புக்க ஒளி, ஏறத்தாழ 22 பாகை திரிந்து செறிதலால் இவ்வட்டம் தோன்றும்.

அபிஷேகப்பாக்கத்தில் இதுபற்றி உரையாடுங்கால், ஏகான்மவாதியாகிய அன்பர் ஒருவர், "அருகருகே நிற்பார் இருவரும் ஒரே துகள்களின் ஒளியைக் காண்பாரல்லர், அவரவர்க்கு அவரவர் வட்டமே. ஆதலின் இது கயிற்றரவுபோல் இல்பொருள், உலகமும் அற்றே" என்றார்.

யாம் உடன்படேம். கயிற்றரவு விளக்குக் கொணர்ந்த அளவிலே ஒழியும், பரிவேடமோ அதன் காரணம் முற்றும் உணர்ந்த பின்னரும் தோன்றும், நிழற்படத்திலும் பதியும். ஞாயிறு உண்டு, பனித்துகள் உண்டு, காணுங் கண்ணும் உண்டு. இவற்றின் இயைபிற் பிறந்த காட்சி யாங்ஙனம் சூனியமாம்? வானத்தே வளையம் ஒன்று கிடக்கின்றது என்னும் துணிபு மாத்திரமே பிழை. முழுதும் இல்லதாகிய ஆகாயத் தாமரையை எவருங் கண்டிலர். நம் சித்தாந்தம் உலகினை அசத்து என்பதும் அது நிலையாது திரிதல் பற்றியேயன்றி, இல்லாமை பற்றியன்று.

அன்பர் இதற்கு விடை கூறாராய், அடுத்தமுறை தோன்றின் வெறுங்கண்ணாற் காணலாமோ என வினவினார். ஞாயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு காண்க, இன்றேல் கண் கெடும் என்றோம். உடனே தலையசைத்தார், இல்பொருளுக்கு அஞ்சுவானேன் என்று யாம் கேட்டிலம்.