கடைகளின்மேல் ஒரு பள்ளிவாசல்

ஒரு பொருளின் அழகில் கண் தோய்வது இறைநினைவைக் கலைக்குமா, அதற்கு வழிவிடுமா என்னும் வினாவுக்கு இஸ்லாமியச் சிந்தனையாளர்கள் ஒரே விடையைத் தந்ததில்லை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் ஒரு நூலிலேயே இரு விடைகளுக்கும் இடமிருக்கிறது. இறையன்பைப் பற்றிய பகுதியில், பசுமையும் ஓடும் நீரும் உண்ணவோ பருகவோ அல்லாமல் காண்பதற்காகவே விரும்பப்படுவதைச் சுட்டி, பயன் கருதாத அவ்விருப்பத்தை இறைவன்மீதான அன்புக்குச் சான்றாக்கும் அவர், தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்வோரைப் பற்றிய பகுதியிலோ, பள்ளிவாசலை அலங்கரிப்பதில் பொருளை வாரியிறைக்கும் செல்வர்கள் தொழுவோரின் மனத்தைச் சிதறச் செய்கிறார்கள் என்று கண்டிக்கிறார்.

இஸ்தான்புல்லின் எமினோனு கடைத்தெருவில் இவ்விரு கூற்றுகளும் மோதிக்கொள்கின்றன. சுல்தான் சுலைமானின் மருமகனும் தலைமை அமைச்சருமான ருஸ்தம் பாஷாவின் பெயரில், உதுமானியக் கட்டடக் கலைஞர் சினான் 1560களின் தொடக்கத்தில் எழுப்பிய பள்ளிவாசல் அங்கே வளைவுக் கூரையுள்ள கடைகளின்மேல் அமர்ந்திருப்பதால், கடைகளை ஒட்டிய குறுகிய படிக்கட்டில் ஏறினால்தான் அதன் முற்றத்தை அடைய முடியும். உள்ளே இஸ்னிக் நகரச் சூளைகளில் சுட்ட ஓடுகள் சுவர்களை மூடியிருக்கின்றன. வெண்பரப்பில் நீலமும் பசுநீலமுமாகத் துலிப் மலர்கள் படர, இடையிடையே வரும் சிவப்பு மட்டும், இரும்பு கலந்த களிமண்ணைத் தடிப்பாகப் பூசியதால், மெருகுக்கடியில் சற்றே புடைத்துத் தெரிகிறது. கஸ்ஸாலியின் கண்டனம் இதற்குப் பொருந்தும் என்றே கொள்ளலாம். பதவிகளுக்குக் கையூட்டுப் பெற்றவர் என்று ருஸ்தம் பாஷா பழிக்கப்பட்டவர் ஆதலால், ஓட்டின் அழகுக்கு முன்பே பணம் வந்த வழி விசாரணைக்கு உள்ளாகியிருக்கும்.

கடைகளின் நிலை வேறு. அவை வக்ஃபு, அதாவது இறைவன் பெயரால் நிலையாக ஒப்படைக்கப்பட்டு, விற்கவோ வாரிசுகளுக்குப் பிரிக்கவோ இயலாமல், வருவாய் மட்டும் அறச்செலவுக்குப் போகும் சொத்து; பள்ளிவாசலின் பராமரிப்புக்கு அவற்றின் வாடகையே ஆதாரமாக ஏற்பாடு செய்யப்பட்டது. அருகிலேயே, 1660களில் நிறைவெய்திய புதிய பள்ளிவாசலுக்காக எழுந்த எகிப்துக் கடைவீதியும் இவ்வகையே. மேலே தொழுகை, கீழே பேரம் என்பதை இவற்றை நிறுவியவர்கள் முரணாகக் கருதியதற்கு அடையாளமே இல்லை.

எனினும் கஸ்ஸாலியின் அளவுகோல் கடைவாசலிலும் செல்லுபடியாகும்: செப்புப் பாத்திரமொன்றின் உளிவேலையை வாங்கும் எண்ணமின்றிப் பார்த்து நிற்பவரின் மகிழ்ச்சி, அவர் சொன்ன பயன் கருதாத மகிழ்ச்சிக்கு மிக நெருங்கியது (கடைக்காரர் அதை மெச்சமாட்டார் என்பது வேறு விஷயம்). ஆனால் வந்தவர் எல்லோரும் அவ்வாறே பார்த்துவிட்டு நகர்ந்தால் வாடகை வராது, மேலே விளக்கெரியவும் வழியிராது. பொருளீட்டும் ஆசையையே தொழுகைக்குத் துணையாக்கிக்கொண்ட வக்ஃபு முறைக்கு, ஆசையற்ற அந்தப் பார்வையாளரால் யாதொரு பயனுமில்லை.