லப்பம் பூசின ஜன்னல்



ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நீங்க இருக்கிற வாடகை வீட்டுல ஒரு ஜன்னல் பழுதாகியிருக்கு. பத்து நாள்ல வீட்டைக் காலி பண்ணப் போறீங்க. பழுது வெளியே தெரியாத மாதிரி பூசி, பெயின்ட் அடிச்சிட்டுப் போயிட்டா யாரும் கேட்க மாட்டாங்க. அப்படிச் செய்றது தப்பா?

"எல்லாரும் பண்றதுதானே, இதுல என்ன இருக்கு" என்றுதான் நானும் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, செய்தும் விட்டேன். அதைத்தான் இன்னைக்கு எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் ஒரு பழைய வீட்டின் முதல் மாடி. நானும் என் நண்பனும் இரண்டு வருஷம் அங்கே இருந்தோம். படுக்கையறையில் கிழக்குப் பார்த்த மர ஜன்னல். நிலையின் மேல்கட்டையிலும் கீழ்கட்டையிலும் துளை போட்டு இரும்புக் கம்பிகளைச் செருகியிருப்பார்கள், நம்ம தாத்தா வீட்டு ஜன்னல் மாதிரி. ஐப்பசி, கார்த்திகை மழை நேரா அதன் மேல்தான் அடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஒரு கண்ணாடியில் விரிசல் விழுந்தது. குறுக்கே டேப் ஒட்டினேன். அப்பவே கீழ்கட்டையில் பெயின்ட் உரிஞ்சு, மரம் கறுத்துப் போயிருந்ததையும் பார்த்தேன். "வாடகை வீடுதானே, நமக்கென்ன" என்று விட்டுவிட்டேன். ஓனரிடம் சொல்லவும் இல்லை. சொன்னா பார்க்க வருவார். வந்தா சுவத்துல நாங்க அடிச்ச ஆணி எல்லாத்தையும் எண்ணுவார்!

ஒன்றரை வருஷம் கழித்து, காலி பண்ணும் நேரத்தில்தான் அட்வான்ஸ் ஞாபகம் வந்தது. நண்பன் வழி சொன்னான். "மச்சான், நூத்தம்பது ரூபாய்க்கு லப்பம் வாங்கி அடைச்சிடு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஒரு கோட் பெயின்ட் அடி. அட்வான்ஸ் முழுசா வரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதுதான் வேலை. கறுத்த இடத்தில் லப்பம் அடைத்தேன், காய்ந்ததும் தேய்த்தேன், பெயின்ட் அடித்தேன். விரிசல் விட்ட கண்ணாடியையும் மாத்திட்டேன். முடிச்சப்புறம் போட்டோ எல்லாம் எடுத்தேன். அவ்வளவு அழகா இருந்தது.

புதன்கிழமை, புதுசா குடிவரப் போகிற குடும்பம் வீட்டைப் பார்க்க வந்தது. அந்த அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்து, "காத்து நல்லா வருது" என்றார். அவங்க பையனுக்கு மூணு வயசு இருக்கும். கட்டில் மேல் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டு தெருவை வேடிக்கை பார்த்தான்.

சனிக்கிழமை கட்டிலைக் கழட்ட ஒரு தச்சர் வந்தார். வேலை முடிச்சிட்டுப் போகும்போது, பழக்கதோஷம்போல, ஜன்னல் கட்டையை விரலால் தட்டினார். மேலே தட்டினால் 'டக்', கீழே தட்டினால் 'பொத்'. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். என் பெயின்ட், என் லப்பம் எல்லாவற்றையும் தாண்டி அது உள்ளே போய்விட்டது. ஒரு கம்பியை ஆட்டினார். ஆடியது.

"யாரு தம்பி இதைப் பூசினது?"

"நான்தான் அண்ணே."

"லப்பம் மரத்துல இருக்கிற சின்ன ஓட்டைக்குத்தான் தம்பி. மரமே இல்லாத இடத்துக்கு இல்ல."

அவர் விளக்கினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மரம் மழையில் நனைவதால் மட்டும் கெடுவதில்லை. நனைந்தது காயாமல் கிடந்தால்தான் கெடும். கீழ்கட்டை வெளிப்பக்கம் சரிவாக இருக்கணும், அப்பதான் தண்ணி வழிஞ்சு போகும். பெயின்ட் உரிஞ்ச இடத்திலும் கம்பி செருகின துளையிலும் தண்ணி இறங்கி நிற்கும். உள்ளே மரம் உளுத்துப் போகும், கம்பி துருப்பிடிக்கும். இந்த நேரத்துல மேலே லப்பம் பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகும். அதாவது, நான் பழுதை மறைக்க மட்டும் செய்யவில்லை, வேகப்படுத்தியும் விட்டிருந்தேன்.

அந்தப் பையன் பிடிச்சுக்கிட்டு நின்னது இந்தக் கம்பியைத்தான். முதல் மாடி.

நண்பனிடம் சொன்னேன். அவன் கேட்டதும் நியாயமான கேள்விதான்: "வர்றவங்க பார்த்துத்தானே வீட்டை எடுக்கிறாங்க? நாம என்ன பொய்யா சொன்னோம்?" வாயால் பொய் சொல்லவில்லை, உண்மைதான். அவங்க பார்த்தாங்க, அதுவும் உண்மைதான். ஆனால் பார்த்தாலும் தெரியாதபடி செய்து வைத்தது நான். ஒருத்தர் கண்ணை நம்பி முடிவெடுக்கும்போது அந்தக் கண்ணையே ஏமாத்துறதுக்கு வேற என்ன பேர்?

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தேடினேன். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று ஒரு அட்டவணையே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது ஓனர் பொறுப்பு. உடைஞ்ச கண்ணாடியை மாத்துறது குடியிருப்பவர் பொறுப்பு. படிச்சதும் ஒரு சந்தோஷம்: கண்ணாடி மாத்தியாச்சு, பெயின்ட் அவர் வேலை, கணக்கு முடிஞ்சது!

ஆனா அந்த அட்டவணை யார் காசு என்பதைத்தான் சொல்கிறது. பழுதை முதலில் பார்த்தவன் வாயைத் திறக்கணுமா என்பதைச் சொல்லவில்லை. ஓனர் தினமும் அந்த ஜன்னலைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். பார்த்தவனுக்குன்னு ஒரு கடமை இருக்கு. அதுக்கு காசு கூட வேண்டாம், ஒரு போன் கால் போதும்.

எங்க ஐடி துறையில இருக்கிறவங்களுக்கு 'உடைந்த ஜன்னல்' என்பது பழகின வார்த்தை. 1982-ல் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்ற இருவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் வந்தது: ஒரு உடைந்த ஜன்னலை அப்படியே விட்டால், இங்கே யாருக்கும் அக்கறை இல்லை என்று அது ஊருக்கே சொல்லும், மற்றவையும் உடையும். இதை வைத்துப் போலீஸ் நடவடிக்கைகளை அமைத்ததற்கு அங்கே நிறைய எதிர்ப்பு உண்டு. 1999-ல் வந்த 'தி ப்ராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகம் அதே உவமையை சாஃப்ட்வேருக்குக் கொண்டு வந்தது. உடைந்த ஜன்னலோடு வாழாதே, சரி செய்ய நேரமில்லை என்றால் பலகையாவது வைத்து அடை என்கிறது.

இத்தனை நாளா "சரி செய்" என்பதை மட்டும்தான் அதில் கவனிச்சிருந்தேன். இப்பதான் அந்தப் பலகை புரிஞ்சது. பலகை பழுதை மறைக்காது. "இங்கே பழுது இருக்கு, ஜாக்கிரதை" என்று எல்லாருக்கும் சொல்லும். கோடில் "இது இன்னும் முடியல" என்று ஒரு வரி எழுதி வைக்கிற மாதிரி. லப்பம் அப்படியில்ல. எரர் வந்தாலும் காட்டாமல் முழுங்கிவிடுகிற கோடு அது. டெஸ்ட்ல பச்சை விளக்கு எரியும், ஒருநாள் நடுராத்திரியில் யாரோ ஒருத்தர் தலையில் விழும்.

அப்படிப் பார்த்தால் ஒன்றரை வருஷமாக எனக்கு அசிங்கமாகத் தெரிந்த அந்த டேப், என் பெயின்ட்டை விட நேர்மையானது. அது "நான் உடைஞ்சிருக்கேன்" என்று ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்னைக்கு சாயங்காலமே ஓனருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். பாராட்டுவார் என்று மனசுக்குள்ள ஒரு நப்பாசை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார். அதுக்கு என்னிடம் பதில் இல்லை. மிக்ஜாம் முடிஞ்ச அடுத்த வாரமே சொல்லியிருந்தால் சுரண்டிக் காயவைத்து, ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்தால் போதும், சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். இப்போ தச்சர் கேட்டது ஆறாயிரம். வருஷக்கணக்கா பெயின்ட் அடிக்காதது தன் தப்புன்னு ஓனரும் ஒத்துக்கிட்டார். ஆளுக்குப் பாதி. அட்வான்ஸில் மூவாயிரம் போச்சு.

தச்சர் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உளுத்த மரத்தை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தவில்லை. கெட்டியான மரம் கிடைக்கும் வரை வெட்டினார், நான் நினைத்ததை விட ரொம்ப தூரம் போனது. அப்புறம் தேக்குத் துண்டை அளவா இழைத்து ஒட்டுப் போட்டார். கம்பியில் துருவைத் தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்து, புதுக் கட்டையில் இறுக்கினார். வெளிப்பக்கம் சரிவு வைத்தார். ஒட்டுப் போட்ட இடம் இன்னும் கோடு மாதிரி தெரியும். அதை மறைக்க அவர் மெனக்கெடவே இல்லை.

நான் நல்லவன்னு சொல்ல இதை எழுதல. என்னை இன்னும் உறுத்துற கேள்வி ஒன்னு இருக்கு. அந்தக் குழந்தையைப் பார்க்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன்னு அடிச்சுச் சொல்ல முடியல. நமக்கு அப்புறம் வரப்போறவங்க முகம் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அதனாலதான் அவங்களை ஏமாத்துறது அவ்வளவு சுலபமா இருக்கு.

புது வீட்டுக்கு வந்து இரண்டு மாசம் ஆச்சு. வந்த மறுநாளே ஸ்க்ரூ டிரைவரோட எல்லா ஜன்னலையும் தட்டிப் பார்த்தேன். பாத்ரூம் ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைஞ்சிருந்தது. போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டேன், அவர் இன்னும் பதில் போடல. அதுவரைக்கும் குறுக்கே ஒரு டேப் ஒட்டியிருக்கேன், எல்லாருக்கும் நல்லா தெரியற மாதிரி.

வீடு காலி பண்ணப் போற நண்பர் யாராவது உங்க குரூப்பில் இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க. 🙏