அழுத்தம் எதனுடைய குணம்?

அடைபட்ட இடத்தின் சுவரில் காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் வந்து மோதித் திரும்புகின்றன. திரும்பும் ஒவ்வொன்றும் சுவருக்கு ஓர் உதை கொடுத்துவிட்டே போகிறது. எண்ணி மாளாத இந்த உதைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே சீரான தள்ளலாகத் தெரிவதே அழுத்தம். கடல்மட்டத்தில் இது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை வைத்ததற்குச் சமம். இடத்தைச் சுருக்கினால் மோதல்கள் அடிக்கடி நிகழும். சூடேற்றினால் வேகம் கூடி ஒவ்வொரு மோதலும் பலமாகும். இரண்டிலும் அழுத்தம் உயரும். ஆனால் மூலக்கூறு ஒன்றைத் தனியே எடுத்தால் அதற்கு நிறை உண்டு, வேகம் உண்டு; அழுத்தம் இல்லை, வெப்பநிலையும் இல்லை. பகுதி எதிலும் இல்லாத ஒன்று கூட்டத்துக்கு எங்கிருந்து வந்தது? அது உண்மையில் உள்ளதா, வசதிக்காக இட்ட பெயரா? இந்த இடத்தில் பௌதிகத்தின் கேள்வி தத்துவத்தின் கேள்வியாகிவிடுகிறது.

தமிழ்நிலத்தில் இக்கேள்வியை வைத்துப் பார்க்கத் தகுந்த இடம், புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் உள்ள சித்தன்னவாசல். மலைமேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் துறவிகளுக்காக வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் ஒன்றின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இது சமணர் இடம் என்பது பொதுவான கருத்து. ஊழை நம்பிய துறவியரான ஆசீவகர்க்கு உரியது என்று வாதிடும் ஆய்வாளரும் உண்டு. இக்கட்டுரையின் கேள்விக்கு இருவருமே வேண்டியவர்கள், ஏனெனில் இருவரும் அணுவாதிகள்.

ஆசீவகர் கொள்கையாக மணிமேகலை சொல்வது ஐந்து வகை அணுக்களை: நிலம், நீர், தீ, காற்று, உயிர். காற்றணுவின் இயல்பு குறுக்கே இயங்குவது. வைசேடிகர் என்னும் தத்துவப் பள்ளியினரும் காற்றணுவைத் தனிவகையாகவே கொண்டனர். சமணர் இதை ஏற்கவில்லை. அவர்களுக்குப் பரமாணு ஒரே வகைதான். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம், ஒரு சுவை, ஒரு மணம், இரண்டு ஊறு (தொடுவுணர்வு) இருக்கும், இவை மாறக்கூடியவை. நிலமும் காற்றும் அவற்றின் வெவ்வேறு நிலைகளே.

வாயுக்களின் அழுத்தம் இவ்விடத்தில் சமணர் பக்கம் சாய்கிறது. ஒரே வெப்பநிலையில், ஒரே கன அளவில், ஒரே எண்ணிக்கையில் ஹீலியம் இருந்தாலும் நைட்ரஜன் இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான். இலேசானவை விரைந்து மோதுகின்றன, கனமானவை மெதுவாக மோதுகின்றன; கணக்கு சரியாகிவிடுகிறது. காற்றுக்கென்று தனி இயல்பு எதுவும் தேவைப்படவில்லை. இதைக் கொண்டு சமணர் வாயுக்களின் இயக்கக் கொள்கையை முன்பே அறிந்திருந்தனர் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. அவர்கள் பொருளைப் பகுத்துக்கொண்டே போனால் எங்கே நிற்கும் என்று தருக்கத்தால் சிந்தித்தவர்கள். துகள்களின் மோதலே அழுத்தம் என்று 1738இல் டேனியல் பெர்னூலி கணக்கிட்டுக் காட்டியதும், வேகங்களின் பரவலை 1860இல் மாக்ஸ்வெல் வகுத்ததும் வேறுவகை உழைப்பு.

முழுமை என்பது என்ன என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. நூல்கள் சேர்ந்த துணி, நூல்களுக்கு அப்பால் புதிதாகத் தோன்றிய ஒரு பொருள் என்றனர் வைசேடிகர். பௌத்தர் அதை மறுத்து, கூட்டம் வெறும் பெயரே என்றனர். சமணர், அணுக்கள் நெய்ப்பாலும் வறட்சியாலும் பிணைந்து கந்தம் என்னும் திரள் ஆகின்றன என்றனர். மூவரும் கையில் எடுத்த எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிணைந்தவை: துணி, குடம், தேர். வாயுவோ பிணையாத கூட்டம். அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. நொடிக்கு 400, 500 மீட்டர் வேகத்தில் ஓடி, மோதி, பிரிகின்றன. பிணைப்பில்லாமலே ஒரு கூட்டம் சுவரைத் தள்ளுகிறது, சக்கரத்தின் டியூபைத் தாங்குகிறது. வெறும் பெயர் லாரியைத் தூக்கி நிறுத்தாது. ஆகவே அழுத்தம் உள்ளது. ஆனால் அது துகளுக்குள்ளும் இல்லை, பிணைந்த முழுமைக்குள்ளும் இல்லை. துகள்களுக்கும் அவை மோதும் பரப்புக்கும் இடையிலான உறவில் இருக்கிறது.

இதைச் சொல்லச் சமணரிடமே ஒரு மொழி இருந்தது. பொருளை எந்த நோக்கில் பார்க்கிறோம் என்பதை அவர்கள் நயம் என்றனர். தொகுத்துப் பார்ப்பது சங்கிரக நயம்; அந்தந்தக் கணத்தை மட்டும் பார்ப்பது இருசுசூத்திர நயம். முதல் நோக்கில் அழுத்தம் உண்டு. இரண்டாவதில் இந்த மோதலும் அந்த மோதலும் மட்டுமே உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பொய் என்பதே பிழை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எர்ன்ஸ்ட் மாக் இப்பிழையை மறுபுறமிருந்து செய்தார்: அளக்கக்கூடிய அழுத்தமே மெய், அணு கணக்கு வசதிக்கான கற்பனை என்றார். 1908 முதல் ழான் பெரென் செய்த சோதனைகளுக்குப் பின் அந்த நிலை நிற்கவில்லை.

ஆசீவகரின் கேள்வி இன்னும் கடினமானது. எல்லாம் ஊழின் வழியே நடப்பவை என்றவர்கள் அவர்கள். அழுத்தத்தின் சீர்மை அதற்குச் சான்றாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்படி அலைந்தாலும், அந்த எண்ணிக்கையில் இயல்பாக எழும் ஏற்றத்தாழ்வு 500 கோடியில் ஒரு பங்களவே. சீர்மை எண்ணிக்கையிலிருந்து வருகிறது. தனித்துகளின் பாதை விதிக்கப்பட்டதா இல்லையா என்பதை அழுத்தமானி ஒருபோதும் சொல்லாது. ஊழை அது நிறுவவுமில்லை, மறுக்கவுமில்லை. வெளியே தெரியும் ஒழுங்கைக் காட்டி உள்ளே விதி உண்டென்று முடிவு கட்டும் வாதத்தை மட்டும் செல்லாததாக்குகிறது.

சித்தன்னவாசலுக்குத் திரும்பினால், அறிவர் கோயிலின் கருவறை ஏறத்தாழ மூன்று மீட்டர் பக்கமுள்ள சதுர அறை. அதற்குள் நின்று தாழ்ந்த குரலில் ஓங்காரம் எழுப்பினால் அறை முழுதும் அதிர்ந்து நிறைகிறது. ஒலி என்பது அழுத்தம் சற்றே ஏறி இறங்குவது. பேச்சொலியில் அந்த ஏற்ற இறக்கம் மொத்த அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை எட்டினாலே அதிகம். கற்சுவர்கள் அதைத் திருப்பி அனுப்ப, போகும் அலையும் வரும் அலையும் ஒத்துச் சேர்ந்து வலுக்கின்றன. ஒலி ஆகாயத்தின் குணம் என்றனர் வைசேடிகர். சமணர், ஒலி புற்கலத்தின் ஒரு நிலை, அதாவது பருப்பொருளின் விளைவு என்றனர். சுவர் அதைத் தடுப்பதையும் அது செவியைத் தாக்குவதையும் காரணமாகக் காட்டினர். கண்ணாடிக் கலத்தில் தொங்கவிட்ட பைக்கடிகாரத்தின் ஒலி, காற்றை வெளியேற்ற வெளியேற்ற மங்கி மறைந்ததை 1660இல் ராபர்ட் பாயில் பதிவு செய்தார். கலத்துக்குள் ஆகாயம் அப்படியே இருந்தது. மோதுவதற்கான துகள்கள்தான் குறைந்துபோயின.