சட்டமும் படமும்

புதுவையை அடுத்த காலாப்பட்டு கடலோர ஊர். உப்புக்காற்றும் ஈரமும் மரச்சட்டத்தை விரைவில் கெடுக்கும். பழைய படத்துக்குப் புதுச்சட்டம் இடும் தேவை வரும். அப்போது ஒரு வினாவும் எழும். விலைமதிப்புள்ள அச்சுப்படத்தை, வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப வெட்டிச் சட்டமிடுவது முறையாகுமா?

இராஜா இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப்படங்களை எண்ணிப் பார்ப்போம். வண்ணத்துக்கொரு கல்லாக வைத்து அச்சிட்டவை அவை. பெரும்பாலும் அடியோரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். சட்டத்தின் அளவுக்காக அவ்வோரத்தை வெட்டினால், படம் தன் பிறப்பை உரைக்கும் சான்றை இழக்கிறது.

“பொருள் என்னுடையது, விருப்பமும் என்னுடையது” என்பார் உரிமையாளர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்நாளைய இல்லத்தார் இதே படங்களில் சரிகையும் சமிக்கியும் ஒட்டி அழகுபடுத்தினர். இன்று அவையும் அரும்பொருளாகப் போற்றப்படுகின்றன. ஆகவே விருப்பம் குற்றமன்று. மீட்க இயலாத இழப்பே குற்றம். பொன்வண்ணச் சட்டத்தை நாளை மாற்றலாம். வெட்டிய ஓரம் மீளாது.

அமிலமற்ற அட்டைக்குள் ஓரத்தை மறைத்து, கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடைவெளி விட்டுச் சட்டமிட்டால், விருப்பமும் நிறைவேறும், படமும் பிழைக்கும். இதனை முன்கூட்டியே எடுத்துரைப்பது தொழிலாளியின் கடமை. கூலிக்காக வாய்மூடி வெட்டுதல் அறமாகாது.

பழம்பொருள் நமக்குப் பின்னும் வாழ வேண்டியது. வருந்தலைமுறையினர்க்கு உரியதை அவர்கள் அறியாமல் எடுப்பதும் கள்ளாமைக்கு மாறானதே என்பதை நாம் மறவாதிருப்போமாக.